எஃகுக் குண்டும் நம் ஊர்க் கூரையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பெங்களூரில் கூரை வேலை செய்கிறவர்களின் கைப்பேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். உள்ளங்கையில் நாலைந்து ஆலங்கட்டி, பின்னால் வெள்ளை பூத்த புல்தரை, கூடவே ஒரு கேள்வி: "சார், இதையெல்லாம் ஷிங்கிள்ஸ் தாங்குமா?" விற்கிறவர் தயாராக வைத்திருக்கும் பதில், "கிளாஸ் 4." அதோடு பேச்சு முடிந்து அட்வான்ஸ் கைமாறிவிடும். இந்த மாதம் அந்த "கிளாஸ் 4"ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

யு.எல். 2218 என்ற அமெரிக்கச் சோதனையின் உச்சப் படி அது. 2 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஷிங்கிள் மேல் போடுவார்கள். அதே இடத்தில் இன்னொரு முறையும் போடுவார்கள். குண்டின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல், விழும் வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 31 ஜூல். பிறகு ஷிங்கிளைப் புரட்டி முதுகில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தேர்ச்சி. கிளாஸ் 1 என்றால் குண்டு 1¼ அங்குலம். நடுவில் 2, 3. நல்ல சோதனைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது சொல்லாமல் விடுவது மூன்று விஷயம். மேலே ஒட்டியிருக்கும் கல்துகள் எவ்வளவு உதிர்ந்தது என்பது மதிப்பெண்ணில் சேராது. சோதிக்கப்படுவது புதுச் சரக்கு, எட்டு கோடை வெயில் தின்றது அல்ல. அடியில் இருப்பது மரப்பலகைத் தளம். இந்த மூன்றாவதுதான் நம் ஊருக்கு முக்கியம், பிறகு வருகிறேன்.

எஃகுக்கும் பனிக்கட்டிக்கும் வேறுபாடு உண்டு என்பதை அமெரிக்கர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐ.பி.எச்.எஸ். ஆய்வுக்கூடம் 2019 முதல் செயற்கை ஆலங்கட்டியைச் செய்து ஷிங்கிள்கள் மேல் சுட்டு, பள்ளம், துகள் உதிர்வு, கிழிசல் என்று தனித்தனியாக மதிப்பிட்டு வெளியிடுகிறது. அங்கே டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கிளாஸ் 4 போட்டால் வீட்டுக் காப்பீட்டுத் தவணை குறையும். அந்தத் தள்ளுபடிதான் இந்தச் சந்தையையே வளர்த்தது. நம் வாடிக்கையாளர் அந்தக் கூடுதல் விலையை முழுக்கத் தன் பையிலிருந்து கொடுக்கிறார் என்பதை நாமாவது நினைவில் வைக்க வேண்டும்.

சரி, நம் ஊர்க் கல் எவ்வளவு பெரியது? கன்னடத்தில் ஆலிகல்லு என்பார்கள். பழந்தமிழிலும் ஆலி என்றால் இதேதான். பெரும்பாலும் பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு, அபூர்வமாக எலுமிச்சை. கங்கைச் சமவெளியின் கதை வேறு. 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத்தில் விழுந்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் இன்றைக்கும் அதுதான் உச்சம். விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, விழும் வேகமும் கூடும், ஆற்றல் பதினாறு மடங்காகிவிடும். ஒரு அங்குலக் கல்லுக்கும் இரண்டு அங்குலக் கல்லுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. சோலார் பலகைக்கான ஐ.இ.சி. 61215 சோதனையில் 25 மி.மீ. பனிக்குண்டை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 2 ஜூல். 31 ஜூலுக்குக் காசு கொடுத்த கூரை மேல் 2 ஜூலுக்குச் சோதித்த கண்ணாடியை மாட்டி, அதற்காக ஷிங்கிளிலும் ஓட்டை போடுகிறோம். வேடிக்கைதான்.

2023 மே 21 ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆலங்கட்டியோடு பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாலத்தில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்துபோனார். உயிரைக் குடித்தது கல் அல்ல, போக வழியில்லாமல் நின்ற தண்ணீர். கூரை விஷயத்திலும் நான் பார்த்தவரை இதே கதைதான். பெங்களூரில் ஆலங்கட்டி ஷிங்கிளைத் துளைத்து நான் பார்த்ததில்லை. ஆலங்கட்டியால் ஒழுகிய கூரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். நகரின் வடக்கே ஒரு வில்லா. இரண்டு சாய்வுகள் சந்திக்கும் கூடல்வாய்க்கு மேலே ஒரு குல்மொஹர் கிளை. மே மாதம், மரம் முழுக்கப் பூ. கல்மழை நின்று முக்கால் மணி நேரம் கழித்து ஏணி போட்டு ஏறினேன். கூடல்வாய் நெடுக, சிவப்பு இதழும் வெள்ளைக் கட்டியும் பிசைந்த மாதிரி, ஒரு சாண் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. விரலால் குத்தினால் இறுகிய சேறு போலிருந்தது. அதன் மேல்பக்கம் தண்ணீர் தேங்கி, ஷிங்கிளின் வெட்டிய ஓரத்துக்குள் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் ஈரவட்டம். ஷிங்கிள் கிளாஸ் 4, ஒரு கீறல் கிடையாது. பிரித்துப் பார்த்தால் கூடல்வாயின் நடுக்கோட்டிலிருந்து மூன்று அங்குலத்தில் ஆணி வரிசை. ஆறு அங்குலத்துக்குள் ஆணியே கூடாது என்பது எல்லாத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் இருக்கிறது. அடியில் 36 அங்குல அகல ஒட்டும் மெம்பிரேன் இருந்திருந்தாலாவது பிழைத்திருக்கும். இருந்தது சாதா ஃபெல்ட்.

இங்கே ஆலங்கட்டி முதலில் அணை கட்டும், அதன் பிறகுதான் தண்ணீரை உள்ளே அனுப்பும். எனவே குண்டின் விட்டத்தைக் கேட்பதற்கு முன் சாய்வைக் கேளுங்கள். 12 அடிக்கு 4 அடி உயர்வு இருந்தால் சாதாரண முறையில் பதிக்கலாம். 4 அடிக்கும் 2 அடிக்கும் நடுவில் என்றால் அண்டர்லேமெண்ட் இரட்டிப்பாக வேண்டும். 2 அடிக்குக் கீழே ஷிங்கிள்ஸ் கிடையவே கிடையாது. முகப்பு அழகுக்காகப் போர்ட்டிகோ மேல் ஒப்புக்குச் சாய்வு கொடுத்துவிட்டு அதிலும் ஷிங்கிள் கேட்கிற கட்டடக் கலைஞர்களிடம் முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். நானும் இளவயதில் சொல்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

இனி அடித்தளம். அமெரிக்க வீட்டில் ஷிங்கிளுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே காற்றோடும் அட்டிக். நாம் சாய்வாக வார்த்த ஆர்.சி.சி. ஸ்லாபின் மேல் சிமெண்ட் பூசி, அதில் ஆணி அடிக்கிறோம். பூச்சு பெயர்ந்துகொண்டு ஆணி பாதியில் நிற்கும், அல்லது வளையும். ஆட்கள் "தார் வெச்சு ஒட்டிடலாம் சார்" என்பார்கள். கல் விழும்போது பலகை கொஞ்சம் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் வளையாது, அடி முழுக்க ஷிங்கிளின் தலையில்தான். பலகை மேல் வாங்கிய மதிப்பெண் ஸ்லாபின் மேல் செல்லும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை. பல உத்தரவாதச் சீட்டுகளில் ப்ளைவுட் தளம் என்றே எழுதியிருக்கும். நான் சிபாரிசு செய்வது, ஸ்லாபின் மேல் சட்டம் அடித்து, ஓரிரு அங்குலம் காற்றிடைவெளி விட்டு, அதன் மேல் கறையான் மருந்து ஏற்றிய ஐ.எஸ். 710 மரைன் ப்ளை. இறவாரத்தில் காற்று நுழைய வலை, முகட்டில் வெளியேற வழி. செலவு கூடும். ஆனால் கிளாஸ் 3க்கும் 4க்கும் உள்ள விலை வித்தியாசத்தை இதில் போடுவது புத்திசாலித்தனம்.

காற்றிடைவெளி கல்லுக்காக மட்டும் அல்ல. பெங்களூர் குளிர்ந்த ஊர் என்பது பழைய பேச்சு. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி தொட்டது. 900 மீட்டர் உயரத்தில் புற ஊதாவும் அதிகம். தார் காய்ந்து இறுகினால் துகளின் பிடி தளரும். துகள் போனால் வெயில் நேராகத் தாரில் விழும், இன்னும் வேகமாகக் காயும். அந்த நிலையில் கோலி அளவுக் கல்லே போதும், கைப்பிடி கைப்பிடியாகத் துகளை உதிர்க்க. மழைக்குப் பிறகு தண்ணீர்க்குழாயின் வாயில் கரு மணல் சேர்ந்திருந்தால் கூரை வயதாகிவிட்டது என்று அர்த்தம். எஸ்.பி.எஸ். ரப்பர் கலந்த தார் கிடைத்தால் அதற்குக் கூடுதல் காசு தரலாம், நெகிழ்வு நீடிக்கும். கரி நிறத்தைக் கேட்கிறவர்களிடம் வெளிர் நிறத்தைப் பேசிப் பாருங்கள். கேட்க மாட்டார்கள், ஆனாலும் பேசுங்கள்.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.எஸ். 875இன் வரைபடத்தில் பெங்களூருக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. ஷிங்கிளுக்கு நாலு ஆணி, திறந்த வெளி என்றால் ஆறு. நம் எதிரி செம்மண் தூசி. ஒட்டுப் பட்டையின் மேல் தூசி படிந்த நிலையில் பதித்தால் வெயில் எவ்வளவு அடித்தாலும் பட்டை பிடிக்காது. முதல் கோடைமழைக் காற்றிலேயே ஓரம் தூக்கும்.

ஷிங்கிளே வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. 1865இல் பாசல் மிஷன் மங்களூர் ஜெப்புவில் தொடங்கிய ஓட்டுத் தொழில் இந்த ஊர் பங்களாக்களை மூடியது. ஓடு பெரிய கல்லுக்கு உடையும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். பக்கத்து ஓட்டின் நிறத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. எடை மட்டும் மூன்று நான்கு மடங்கு, ட்ரஸ் அதைத் தாங்க வேண்டும். வளைவும் மடிப்பும் நிறைந்த கூரைக்கு ஷிங்கிள், நேரான இரட்டைச் சரிவுக்கு ஓடு என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், போடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி சாவியைக் கொடுப்பதற்கு முன் ஜூஸ் கடையிலிருந்து இரண்டு மூட்டை ஐஸ் வரவழைப்பார். உடைத்து, பக்கத்து மரத்து இலையோடு கலந்து கூடல்வாயில் கொட்டி, மேலிருந்து ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவார். அரை மணி நேரம். வீட்டுக்காரரைக் கீழே சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டு, கூரையைப் பார்த்தபடி உட்காரச் சொல்வார். ஐஸ் செலவு பில்லில் தனி வரியாக வரும்.