தார்ப்பாய் பறந்ததற்குத் தார்ப்பாயைத் திட்டாதீர்கள்

போன ஆடியில் என் பேரன் நாலு சிநேகிதர்களோடு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். நம் தோப்பில், அம்பரப்பர் மலையைப் பார்த்தபடி ஒரு ராத்திரி வெட்டவெளியில் படுக்க வேண்டுமாம். நல்லது என்றேன். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததற்குப் பிறகு, காட்டுக்குள் போகிறேன் என்று கிளம்பாமல் சொந்தத் தோப்போடு நிறுத்திக்கொண்டார்களே என்று எனக்கு நிம்மதி. விலை கூடின தார்ப்பாய் ஒன்று, 250 ஜிஎஸ்எம், பளபளவென்று பச்சைக் கயிறு ஒரு கட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து பேரும் நனைந்த கோழி மாதிரி என் திண்ணையில் வந்து நின்றார்கள். தார்ப்பாய் பக்கத்துத் தோட்டத்து வேலியில் கிடந்தது. காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே ஒருவன் சொன்னான்: "மட்டமான தார்ப்பாய் தாத்தா, ஏமாத்திட்டான்."

நான் போய்ப் பார்த்தேன். தார்ப்பாயில் ஒரு கிழிசல் இல்லை. ஒரு கண் கூடப் பிய்ந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் இந்த ஜிஎஸ்எம் பேச்சுதான். நெல் காயப்போடுகிறவரும் பேசுகிறார், பந்தல்காரரும் பேசுகிறார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. எடை கூடினால் சீக்கிரம் நைந்துபோகாது, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. காற்று ஆளின் எடையைப் பார்ப்பதில்லை, அகலத்தைப் பார்க்கிறது. 9 அடிக்கு 12 அடி தார்ப்பாய் என்றால் 10 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக அடித்தால் சுமார் 60 கிலோ தள்ளும். வேகம் இரட்டிப்பானால் தள்ளுவது நாலு மடங்கு, 240 கிலோ. நம் ஊர் ஆடிக் காற்று கேரளத்தில் மழையை இறக்கிவைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு மலையிறங்கி வருகிற காற்று. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், 250 கிராம் எம்மாத்திரம்?

அவர்கள் செய்த முதல் காரியமே தப்பு. வாசலை மேற்கே வைத்துவிட்டார்கள். ஏனப்பா என்றால், "வியூ தெரியணும்ல தாத்தா." மலை தெரிகிற பக்கம்தான் காற்று வருகிற பக்கம். காற்றுக்கு வாயைத் திறந்து வைத்துவிட்டு, அது உள்ளே வந்து ஊதிவிட்டது என்று புலம்பினால் என்ன செய்வது? மேற்குப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி முளையடிக்க வேண்டும், கிழக்கே திறந்துவைக்க வேண்டும். மலையை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது. (நியூட்ரினோ ஆய்வகம் என்று ஊரே பத்திரிகையில் அடிபட்டபோதும் அது போகவில்லை.)

அடுத்தது கயிறு. கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் கிடைப்பதில் பாதிக்கு மேல் நைலான் இல்லை. சந்தேகமிருந்தால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீர்ச் செம்பில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரோபிலீன் மாதிரிப் பிளாஸ்டிக். அசல் நைலான் மூழ்கும். பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். அசல் நைலான் பலம்தான், ஆனால் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். சாயங்காலம் வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியது ஒரு சாரல் விழுந்ததும் தொய்ந்துவிடும். தொய்ந்தால் தார்ப்பாய் படபடக்கும், படபடத்தால் முடிச்சு உருவும். நூல் கயிறு நேர் எதிர். நனைந்தால் சுருங்கும், முளையையே பிடுங்கிவிடும். எனக்குக் கேட்டால் தேங்காய் நார்க் கயிறுதான். சொரசொரப்பில் பாதி முடிச்சின் வேலையை அதுவே செய்துவிடும். தூக்கிச் சுமக்க முடியாது என்கிறார்கள். தோப்பில் படுக்க எதைத் தூக்கிக்கொண்டு எங்கே நடக்கப் போகிறார்கள்?

முடிச்சு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் சாரணர் படையும் பார்த்துக்கொண்டவன். முடிச்சுகளை மேசை மேல் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச், பவுலைன். பெயர் சொன்னால் ஒரு மார்க், போட்டுக் காட்டினால் ஒரு மார்க். ஒரு முகாமில் நடுக்கயிறு எட்டாமல் போய்விட்டது. இரண்டு கயிற்றையும் சேர்த்துக் கட்டுங்கடா என்றேன். பையன்கள் நான் சொல்லிக்கொடுத்தபடி அழகாக ரீஃப் நாட் போட்டார்கள். நானும் பார்த்துவிட்டு 'வெரிகுட்' என்றேன். ராத்திரி காற்றில் அது உருவிக்கொண்டது, மூங்கில் சரிந்தது, ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. மறுநாள் அவன் அப்பா வந்தார். "திடீர்னு காத்து வந்துருச்சுய்யா" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பையனைக் கூட்டிப்போனார்.

காற்று திடீரென்று வரவில்லை. அது ஆடி மாசம். ரீஃப் நாட் பொட்டணம் கட்டுவதற்கும் காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கும் உள்ள முடிச்சு. அதைக் கொண்டு இரண்டு கயிறுகளை இணைக்கக் கூடாது. ஆஷ்லி என்கிற அமெரிக்கர் 3,800க்கும் மேற்பட்ட முடிச்சுகளைத் தொகுத்து 1944இல் ஒரு புத்தகம் போட்டார், அதில் இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். நான் அதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் பார்த்தேன். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிறவர் போடுகிற முடிச்சே போதும். ஒரு கயிற்றை மடித்துக் கொண்டைபோலப் பிடித்து, மற்றதை அதற்குள் விட்டு, கழுத்தைச் சுற்றித் தன் அடியிலேயே செருகுவது. வழுக்குகிற கயிறாக இருந்தால் கழுத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

அதே வருஷம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவரிடம்தான் மிச்சத்தைக் கற்றேன். அவர் தார்ப்பாயில் ஒரு கண் கூட இல்லை. மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் சுருக்குப் போட்டிருந்தார். "கண்ணுல கட்டுனா கண்ணுதேன் பியும் வாத்தியாரய்யா. கல்லுல கட்டுனா பாயி பூராத்துக்கும் பிடிமானம்" என்றார். இழுத்துக் கட்டியது லாரிக்காரர் பாணியில். கயிற்றின் நடுவில் ஒரு வளையம், முனையை முளையில் சுற்றி அந்த வளையத்துக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுப்பது. மூன்று பங்கு இழுவை என்று கணக்குச் சொல்லும், உராய்வு ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும், மிஞ்சுவதே தாராளம். கடைசியில் உருவினால் அவிழ்கிற மாதிரி ஒரு மடிப்பு. படுக்கப்போகும் முன் சுற்றி வந்து ஒவ்வொரு கயிற்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார். தொய்ந்ததை மறுபடி இழுத்தார். அவர் அன்று ராத்திரி நனையவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது ரெடிமேட் டெண்ட் வந்துவிட்டது, முடிச்சு யாருக்கு வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த டெண்டுக்குள்ளும் கயிறு வைத்துத்தான் அனுப்புகிறான். பையை விட்டு அதை யாரும் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். டெண்டை விடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு டெல்டாவில் கூரை போன வீடுகளுக்கு மேலே கிடந்தது தார்ப்பாய்தான். அங்கே ஒரு முடிச்சு உருவினால் அடியில் படுத்திருப்பது கைப்பிள்ளைக்காரி. கூரைக்குத் தார்ப்பாய், நெல்லுக்குத் தார்ப்பாய், காய்கறி ஏற்றுகிற வண்டிக்குத் தார்ப்பாய் என்று நாள் முழுக்க அதை வைத்துப் பிழைக்கிற நாம், அதைக் கட்டத் தெரிந்தவனைப் படிக்காதவன் என்கிறோம். விலை சொல்லத் தெரிந்தவனை விவரமானவன் என்கிறோம்.

பேரன் கூட்டம் மறுபடி வருகிறேன் என்கிறது. புதுத் தார்ப்பாய் பார்த்துவைத்திருக்கிறானாம், 300 ஜிஎஸ்எம். பழையதே போதும் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை திண்ணையில் உட்காரவைத்து, கயிற்றை வாளித் தண்ணீரில் நனைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போடச் சொல்லப்போகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்படித்தான் போட வேண்டியிருக்கும்.