எந்த இடம்னு சொல்ல மாட்டீங்களோ?

மக்கா, கொஞ்ச நாளா நம்ம எழுதுற கூட்டத்துக்குள்ள ஒரு புது ஆச்சாரம் கிளம்பியிருக்கு. ஞாயித்துக்கிழமை மலை ஏறுறாங்க. பன்னெண்டு போட்டோ போடுறாங்க. மேகம், பாறை, தூரத்துல நீலமா ஒரு கோடு. ஆஹா! "எந்த இடம் சார் இது?"ன்னு யாராவது கேட்டா மட்டும் பதில் வராது. இல்லேன்னா ஒரு வரி வரும்: "சொன்னா கூட்டம் வந்து நாசமாக்கிரும், மன்னிக்கவும்." உடனே நாலு பேர் "சரியாச் சொன்னீங்க தல"ன்னு கும்மி.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கொஞ்சம் கோவமும் இருக்கு. பேர் சொல்லப்போறதில்ல, அதனால யாரும் தொப்பியை எடுத்துத் தானே மாட்டிக்க வேண்டாம் :-)

முதல்ல போட்டோவுக்கே வர்றேன். போன வாரம் ஒருத்தர் "ரகசிய மலை"ன்னு தலைப்பு வச்சுப் போட்டிருந்தாரு. குமரி மாவட்டத்துக்காரனுக்கு அந்தப் பாறையைப் பாத்தா அரை நொடி போதும். மருந்துவாழ்மலை. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற வழியில, பொத்தையடி பக்கம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போகும்போது விழுந்த துண்டுன்னு ஊர்ல சொல்லுவாங்க. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை அங்கதான் இருக்கு, கேரளாவுல இருந்து இன்னைக்கும் அதைப் பாக்க ஆள் வருது. கார்த்திகைக்கு உச்சியில தீபம். இதுல ரகசியம் எங்கய்யா இருக்கு? ஊரே ஏறுற மலையை நீங்க ஒருநாள் ஏறிட்டு "கண்டுபிடிச்சேன்"னு சொன்னா, விளக்குக்கு எண்ணெய் சுமந்துட்டுப் போற ஆளு சிரிப்பான்.

இந்த "கூட்டம் வரும்"ங்கிற வார்த்தையை உத்துப் பாருங்க. ஆடு மேய்க்கிறவன் அங்க போறான், விறகுக்குப் போறாங்க, மருந்து வேர் பறிக்கிறவர் போறாரு, சாமி கும்பிடப் போறாங்க. அவங்க யாரும் உங்க கண்ணுக்குக் கூட்டமாத் தெரியல. அவங்களை ஃப்ரேமுக்கு வெளிய தள்ளித்தான் போட்டோவே எடுக்குறீங்க. பஸ்ஸுல வந்து இறங்குற ஒரு குடும்பம், சோத்து மூட்டையோட, சத்தமாப் பேசிக்கிட்டு ஏறினா அது கூட்டம். நாம நாலு பேர் நல்ல ஷூ போட்டுட்டு ஏறினா அது இயற்கை ரசனை. நல்லாயிருக்கு நியாயம்.

சரி, அவங்க பக்கத்து நியாயத்தையும் பேசிருவோம், இல்லேன்னா வம்புக்குப் பேசுற மாதிரி ஆயிரும். குப்பை நிஜம். முட்டம் பாறை மேல சாயங்காலம் போய்ப் பாருங்க. பாரதிராஜா "அலைகள் ஓய்வதில்லை" எடுத்த கரை. 1981-ல இருந்து தமிழ்நாட்டுக்கே தெரிஞ்ச இடம். பாறை இடுக்குல பாட்டில் சில்லு, பிளாஸ்டிக் கப்பு, சிப்ஸ் கவர். வெறுங்காலோட நடக்க முடியாது. மருந்துவாழ்மலையிலயும் படி ஓரமா தண்ணி பாட்டில் கிடக்கும். கண்டிப்பா வயிறு எரியுது. அதை இல்லேன்னு நான் சொல்லல.

ஆனா குப்பையைப் பொறுக்கலாம்வே. நாலு சாக்கும் பத்து பசங்களும் இருந்தா ஒரு காலைப்பொழுதுல முடிஞ்சிரும். பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்கு.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு பொத்தை இருந்துச்சு. (வெளியூர்க்காரங்களுக்கு: சின்ன மலையை நாங்க பொத்தைம்போம்.) அதுக்குத் தனியாப் பேரு கூட கிடையாது, பொத்தை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் ஏறினா அரை மணி நேரத்துல உச்சி. மேல நின்னா வடக்க மலைத்தொடர் நீலமா நிக்கும், தெக்க தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் தகடு மாதிரி மின்னும். அதைவிட நல்ல காட்சியை நான் காசு கொடுத்தும் பாத்ததில்ல. உச்சியில ஒரு பள்ளத்துல மழைத்தண்ணி கிடக்கும், மார்கழி வரைக்கும் வத்தாது. இப்போ அந்த இடத்துல மலை இல்ல. கல்குவாரி விட்டுட்டுப் போன குழி, அதுல பச்சைத் தண்ணி, சுத்தி முள்கம்பி. முதல்ல ஒரு பக்கம் வெட்டினாங்க, அப்புறம் மறுபக்கம். ஒரு நாள் பஸ்ஸுல போகும்போது பாத்தா அந்த இடத்துல வானம் தெரியுது.

அதோட ஒரு போட்டோ கிடைக்குமான்னு தேடினேன். இல்ல. நாலு வரி எழுதியிருக்காங்களான்னு தேடினேன். இல்ல. சர்வே நம்பர் மட்டும் எங்கயாவது ஃபைல்ல இருக்கும். அங்க ஒரு மலை இருந்துச்சுங்கிறதுக்கு எங்க வயசுக்காரங்க ஞாபகம்தான் சாட்சி, நாங்க போயிட்டா அதுவும் இல்ல. அந்தப் பொத்தையை யாரும் "கூட்டம் போட்டு நாசமாக்கல" சாமி. யாருக்குமே தெரியாமப் பத்திரமா இருந்த இடம்தான் அது.

விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே மாசம் திறந்தாங்க. கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டருக்கு அலைத்தடுப்புச் சுவர். அதுக்கு நம்ம மாவட்டத்துக் கல்லும் போச்சு. வருசக்கணக்கா லாரி வரிசையா எல்லை தாண்டினது ரோட்டுல போன எல்லாருக்கும் தெரியும். துறைமுகம் வேணுமா வேண்டாமாங்கிறது வேற சண்டை, அதுக்கு இப்ப வரல. கல்லு எந்தெந்த பொத்தையில இருந்து போச்சுன்னு நம்மள்ல எத்தனை பேரால சொல்ல முடியும்? மேல ஏறிப் பாத்தவனுக்குத்தான் எது குறைஞ்சிருக்குன்னு தெரியும். கீழ ரோட்டுல போறவனுக்குத் தகரமும் தூசியும்தான் தெரியும்.

மதுரையைப் பாருங்க. 2010-ல யானைமலையைக் குடைஞ்சு சிற்ப நகரம் பண்ணப் போறோம்னு பேச்சு வந்தப்போ ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்க, திட்டம் நின்னு போச்சு. அந்தச் சூட்டுலதான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் "பசுமை நடை" ஆரம்பிச்சாரு. ஞாயித்துக்கிழமை காலையில சமணர் படுகை இருக்குற மலைகளுக்குக் குடும்பம் குடும்பமாக் கூட்டிட்டுப் போறது, கல்வெட்டைப் படிச்சுக் காட்டுறது, உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றது. இடத்தை மறைக்கல. ஊரைக் கூட்டிச் சொன்னாங்க. அந்த மலைகள்ல ஒண்ணு அரிட்டாபட்டி. 2022-ல அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல அதுதான் முதல். 2024 நவம்பர்ல அந்த வட்டாரத்துல சுமார் 2015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட சேதி வந்தப்போ என்ன ஆச்சு? கிராமம் கிராமமா எழுந்தாங்க, ஜனவரியில மதுரை வரைக்கும் பேரணியா வந்தாங்க, 2025 ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. ஜெயிச்சது அந்தக் கிராமத்து மக்கள், அதுல சந்தேகம் இல்ல. நடந்தவங்களும் எழுதினவங்களும் ஜெயிச்சுக் கொடுத்தாங்கன்னு நான் பீலா விடமாட்டேன். ஆனா "அது வெறும் கரடு"ன்னு யாராலயும் சொல்ல முடியல பாருங்க. குடைவரை இருக்கு, தமிழி கல்வெட்டு இருக்கு, இன்னின்ன பறவை இருக்குன்னு எழுதி, படம் எடுத்து, பொதுவுல கிடந்துச்சு. எங்க பொத்தைக்கு அப்படி ஒரு காகிதமும் இல்ல.

கடற்கரைக்கும் இதே கதைதான். குமரிக் கடற்கரைன்னா நம்ம ஆளுக்கு முக்கடலும் சூரிய அஸ்தமனமும்தான். முட்டத்துக்கு மேக்க எத்தனை பேர் நடந்திருக்கீங்க? மணல் எடுக்க கிள்ளியூர் தாலுகாவுல கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடுன்னு 1144 ஹெக்டேரைக் குறிச்சு, 2024 அக்டோபர் 1-ம் தேதி கருத்துக்கேட்பு வைக்கிறதா இருந்தாங்க. எதிர்ப்பு வலுத்துத் தள்ளி வச்சாங்க. அந்த ஊர்கள்ல குடியிருக்கிறவங்க பேசினாங்க. வருசத்துக்கு இருபது பயணப் பதிவு போடுற நம்மகிட்ட அந்தக் கரையைப் பத்தி ஒரு பத்தி இருந்துச்சா? நான் கூகிள்ல தேடினப்போ ஹோட்டல் விளம்பரம்தான் வந்துச்சு.

அப்போ எல்லாத்தையும் தம்பட்டம் அடிக்கணுமான்னு கேட்டா, இல்ல. கூடு வைக்கிற பாறை, காட்டுக்குள்ள அனுமதி இல்லாத ஒத்தையடிப் பாதை, இதையெல்லாம் எழுதக்கூடாது. 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத்தீயில இருபதுக்கும் மேல உயிர் போச்சு. அதுக்கப்புறமும் "ரகசிய வழி"ன்னு வனத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போறவங்களை எனக்குப் பிடிக்காது. காட்டுக்குள்ள நடக்கணும்னா 2024 அக்டோபர்ல வனத்துறை நாப்பது பாதை திறந்துச்சு, பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போங்க. கட்டணம் அதிகம்னு புலம்பல் இருக்கு, எனக்கும் இருக்கு. நான் பேசுறது அதைப் பத்தி இல்ல. ஊருக்குப் பக்கத்துல, பொதுவுல, காலம் காலமா ஜனம் ஏறுற குன்னையும் கரையையும் பத்தி.

அதை எழுதுறதுன்னா ஒழுங்கா எழுதணும். "மனதை மயக்கும் எழில்"னு எழுதினா அது கல்யாண மண்டப விளம்பரம். மருந்துவாழ்மலையில படி எது வரைக்கும், அதுக்கு மேல பாறை எப்படி, ஆடிக்காத்துல உச்சியில நிக்க முடியுமா (முடியாது, வேட்டி நம்மகிட்ட இருக்காது), இதைச் சொல்லுங்க. விடியுறதுக்கு முன்னாடி ஏற ஆரம்பிச்சா கிழக்குல இருந்து தென்மேக்கு வரைக்கும் வில்லா வளைஞ்ச கடல் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சமாகிறதையும், அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி காத்தாடி மரம் மரமா நிக்கிறதையும், நடுவுல குளமும் வயலும் தென்னையும் கிடக்கிறதையும் சொல்லுங்க. அதோட, எந்தத் திசையில எந்தக் குன்னு பாதி வெட்டுப்பட்டு வெள்ளையாத் தெரியுதுன்னும் சொல்லுங்க. போட்டோவுல அந்த வெள்ளையை வெட்டி எடுத்துட்டுப் போடாதீங்க. அடுத்த வருசம் அதே இடத்துல நின்னு இன்னொரு படம் எடுங்க, தேதி போடுங்க. நாம பெருசா ஒண்ணும் கிழிக்க வேண்டாம், இது போதும்.

வட்டக்கோட்டைக்கு இதுவரை போகாதவங்க இருந்தா மலைக்கு முன்னாடி அங்க போங்க. டிலனாய் காலத்துக் கோட்டை, மதில் மேல நின்னா ஒரு பக்கம் அலை, திரும்பினா மலைத்தொடர். ஏறுறதுக்கு மூச்சு வாங்காது, முழங்கால் வலிக்காரங்களையும் கூட்டிட்டுப் போகலாம். சிதறால் பத்தித் தனியா எழுதணும், சமணச் சிற்பம் இருக்கிறதால அவசரமா முடிக்க மனசு வரல.

பி.கு: மருந்துவாழ்மலைக்கு நாகர்கோவில்–கன்னியாகுமரி பஸ்ல வந்து, ரோட்டுல இறங்கி உள்ள நடக்கணும். நிதானமா ஏறினா ஒன்றரை மணி நேரம். மேல தண்ணி நம்பிப் போகாதீங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் கொண்டு போங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. வெயில் ஏறினா பாறை சுடும், ஒம்பது மணிக்குள்ள இறங்கிருங்க. உங்க ஊர்ப் பொத்தைக்குப் பேர் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னாலும் சொல்லுங்க.