தோள்பட்டைத் தசைநாண் அறுவை: மருத்துவ ஆய்வில் சேரும் முன் அறிய வேண்டியவை

தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுசேர்ந்து மூட்டின் மேல் ஓர் உறைபோல் அமைந்துள்ளன. மருத்துவர்கள் இதனை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பர். கையை உயர்த்தவும் சுழற்றவும் இவையே உதவுகின்றன. முதுமையாலோ விபத்தாலோ இந்நாண்கள் கிழியக்கூடும். பலருக்கு இயன்முறைச் சிகிச்சையே போதுமானதாக அமைகிறது. சிலருக்குக் கிழிந்த நாணை எலும்புடன் மீண்டும் தைத்து இணைக்க வேண்டியுள்ளது. நெடுநாள் கிழிந்து சுருங்கிவிட்ட நாணை அவ்வாறு இழுத்துத் தைக்கவும் இயலாது. இந்நிலையில் உள்ளவர்களுக்காகவே புதிய முறைகள் பல முன்வைக்கப்படுகின்றன.

அம்முறைகளுள் சில, மருத்துவ ஆய்வில் சேருமாறு விடுக்கப்படும் அழைப்பாகவே நோயாளியை வந்தடைகின்றன. வலியால் உறக்கம் இழந்தவருக்குப் ‘புதிய முறை’ என்ற சொல்லே நம்பிக்கை தருவது இயல்பு. ஆனால் ஆய்வு என்பது மேலான சிகிச்சைக்கான முன்பதிவு அன்று. விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வியில் பங்கேற்பதாகும். இதனைப் பிரித்தானியாவில் நடைபெற்ற ஓர் ஆய்வு தெளிவாக உணர்த்துகிறது.

பலூன் ஆய்வு காட்டியது என்ன?

தைக்க இயலாத கிழிசல் உடையவர்களுக்கு, தோள் எலும்புகளுக்கு இடையே உப்புநீர் நிரப்பிய சிறு பலூனை வைக்கும் முறை சில ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. அப்பலூன் எலும்புகளை விலக்கி வைத்துப் பின்னர் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். மூட்டினுள் சிதைந்த திசுவை அகற்றித் தூய்மைப்படுத்தும் அறுவையை மட்டும் செய்வதைவிட, அதனுடன் பலூனையும் வைப்பது மேலானதா என்பதை அறிய, ‘ஸ்டார்ட்: ரியாக்ட்ஸ்’ என்னும் ஆய்வு அந்நாட்டின் 24 மருத்துவமனைகளில் 2018 முதல் நடத்தப்பட்டது.

ஆய்வுக்கு ஒப்புதல் அளித்தவர்கள் 249 பேர். எனினும் அறுவை அரங்கில், கிழிசல் தைக்க இயலாதது என்று உறுதியான பின்னரே ஒருவர் எப்பிரிவைச் சேர்வார் என்பது சமவாய்ப்பு முறையில் முடிவாயிற்று. அவ்வாறு பிரிக்கப்பட்டவர்கள் 117 பேர்: தூய்மைப்படுத்தும் அறுவை மட்டும் பெற்றவர்கள் 61, பலூனும் பெற்றவர்கள் 56. தமக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்கும் அவர்களை மதிப்பிட்டவர்களுக்கும் தெரிவிக்கப்படவில்லை.

முடிவுகள் 2022ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியாயின. 48 மதிப்பெண் மிகச் சிறந்த நிலையைக் குறிக்கும் அளவுகோலில், பன்னிரண்டு மாதங்களுக்குப் பின் பலூன் பெறாதவர்களின் சராசரி 34.3, பெற்றவர்களின் சராசரி 30.3. அதாவது, புதிய முறையே பின்தங்கியது. தொடர்வதால் பயனில்லை என்பது இடைக்காலப் பகுப்பாய்விலேயே தெரியவந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டில் வெளியான 184 பேர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, பலூன் முறை பகுதியளவு தைக்கும் அறுவையைவிடத் தாழ்ந்ததன்று என்று கூறியது. இவ்விரண்டும் முரண்பட்டவை எனக் கருத வேண்டியதில்லை. ஒப்பிடப்பட்ட மாற்றுச் சிகிச்சை வேறு. எனவே விடையும் வேறு. ‘புதிய முறை பயன் தருமா?’ என்று மட்டும் கேட்பது போதாது, ‘எதனோடு ஒப்பிடும்போது?’ என்றும் கேட்க வேண்டும்.

இதிலிருந்து நோயாளி அறிய வேண்டியது

பலூன் கிடைக்கும் என்று எண்ணிச் சேர்ந்து, அது கிடைக்காத பிரிவில் வைக்கப்பட்டவர் ஏமாற்றம் அடைந்திருக்கலாம். ஆனால் சராசரியாக அப்பிரிவினரே நலமாக இருந்தனர். எப்பிரிவு மேலானது என்பது மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாத நிலையில்தான் இத்தகைய பகிர்வு அறநெறிக்கு உட்பட்டதாகும். அந்த 117 பேரின் பங்கேற்பால், பின்வரும் நோயாளிகள் பலர் தேவையற்ற கருவியைத் தவிர்க்க முடிகிறது. இப்பயன் பெரும்பாலும் பிறருக்கே சேரும் என்பதை அறிந்தே சேர வேண்டும்.

கையொப்பம் இடும் முன் கேட்க வேண்டியவை

1. என் கிழிசலுக்கு ஆய்வுக்கு வெளியே கிடைக்கும் வழக்கமான சிகிச்சை எது? அதனை இப்போதே பெற முடியுமா?
2. ஆய்வில் எத்தனை பிரிவுகள்? எனக்கு எது அளிக்கப்பட்டது என்பது எப்போது தெரிவிக்கப்படும்?
3. உடலில் வைக்கப்படும் பொருள் எது? பின்னர் அதனை அகற்ற நேருமா?
4. கூடுதல் ஸ்கேன், வருகை, பயணம் ஆகியவற்றின் செலவை ஏற்பவர் யார்?
5. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் அளிப்பவர் யார்?
6. இடையில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா?

இந்தியாவில் உள்ள பாதுகாப்புகள்

மருத்துவ ஆய்வுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சி.டி.ஆர்.ஐ. என்னும் பதிவகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. 2007இல் தொடங்கப்பட்ட இப்பதிவகத்தை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்களிடம் கூறப்பட்ட ஆய்வின் பதிவெண்ணைக் கேட்டுப் பெற்று, அங்குள்ள விவரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளை 2019ஆம் ஆண்டு விதிகளும், மருத்துவக் கருவிகளுக்கான ஆய்வுகளை 2017ஆம் ஆண்டு விதிகளும் நெறிப்படுத்துகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வைத் தொடங்க இயலாது. ஒப்புதல் படிவத்தின் படி ஒன்றும், அக்குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் உங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். எந்நிலையிலும் காரணம் கூறாமல் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

தைக்கும் அறுவைக்குப் பின் பல வாரங்கள் கையைத் தூளியில் தாங்கி வைக்க நேரும். உடுத்தல், குளித்தல், உண்ணுதல் ஆகியவற்றிற்குத் துணை தேவைப்படும். ஆய்வில் சேர்ந்தவருக்கு மாதக்கணக்கில் தொடர் வருகைகளும் இருக்கும். ஆகவே கலந்துரையாடலின்போது நீங்களும் உடனிருங்கள். படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று, பொறுமையாகப் படித்து, ஐயங்களை எழுதி வைத்துக் கேளுங்கள். தைக்கக்கூடிய புதிய கிழிசலாயின், எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறியுங்கள். அந்தக் கால எல்லைக்குள் சிந்தித்து முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர மறுப்பதும் அம்முடிவுகளுள் ஒன்றே. அதனால் உங்களுக்குரிய சிகிச்சை குறைக்கப்படக் கூடாது.