பந்தயத் திடலிலிருந்து எழுந்த போர்விமானங்கள்

சென்ற வாரம் என் வீட்டு விறாந்தையில் மாணவர் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். யப்பானியரின் சீரோ விமானம் மேலா, ஆங்கிலேயரின் ஹரிக்கேன் மேலா என்பதே வாதம். வளைந்து திரும்புவதிற் சீரோவே வல்லது, ஐயமில்லை. ஆனால் அவ்விரண்டும் நம் கொழும்பு வானிலேயே பொருதியதை இருவரும் அறியார்!

1942 ஏப்ரில் 5, உயிர்த்த ஞாயிறு. முதல்நாள், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா நீர்விமானம் தென்கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. செலுத்தியவர் பேர்ச்சல் என்னும் கனடியர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்துக் கப்பல்கள் பல வெளியேறித் தப்பின.

விந்தையைக் கேளுங்கள். அத்தனை முன்னறிவித்தல் இருந்தும், மறுநாட் காலை எதிரி இரத்மலானைக்கு மேலே வந்தபோது அங்கிருந்த ஹரிக்கேன்கள் தரையிலேயே நின்றன! கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலும் விமானத்தளமாயிருந்ததை யப்பானியர் அறிந்திலர். அங்கிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. திருகோணமலையிலிருந்து வந்த சுவோட்பிஷ் இரட்டைச்சிறகு விமானங்கள் ஆறும் வழியிலேயே வீழ்ந்தன. அவற்றின் வேகம் அவ்வளவே, பாவம்.

துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்ரர் ஆகிய கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்து நோயாளர் மாண்டனர்.

சீரோவின் குதிரைவலு எவ்வளவென்று மாணவரைக் கேட்டேன். உடனே விடை வந்தது. அங்கொடையில் மாண்டோரைப் பற்றிக் கேட்டேன்.

"அங்கேயும் விழுந்ததா, ஐயா?" என்றனர் இருவரும்.