கள்ளப் பிரதி தளையை அறுக்காது

மில் தொழிலாளியின் மகன் ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டு, கடைத்தெருவில் உள்ள டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேருகிறான். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பிளெக்ஸ் பேனர், நம் சங்க மாநாட்டுச் சுவரொட்டி எல்லாம் அவன் கைவேலை. அவனுடைய கருவி, கம்ப்யூட்டரில் ஓடும் போட்டோஷாப் என்ற மென்பொருள். இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் அது விலை கொடுத்து வாங்கியதல்ல. பூட்டை உடைத்து எடுத்த கள்ளப் பிரதி.

“திருட்டு! திருட்டு!” என்று கம்பெனிகள் கூக்குரலிடுகின்றன. “கோடீசுவரக் கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்?” என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். எது நியாயம்? தோழர்களே, ஆராய்ந்து பார்ப்போம்.

விலை போய்க் குத்தகை வந்தது

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற இரு சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை அமெரிக்காவின் அடோபி கம்பெனி 1990ல் வெளியிட்டது. 2012ல் அந்தக் கம்பெனியின் முழு மென்பொருள் தொகுப்பின் விலை 2,599 டாலர். அன்றைய கணக்கில் 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! மண்வெட்டி செய்ய இரும்பும் மரமும் கொல்லன் உழைப்பும் வேண்டும். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் வேண்டும். மென்பொருள் அப்படியல்ல. ஒருமுறை எழுதி முடித்தால், அடுத்த பிரதி எடுக்கச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அந்த விலையும் போதவில்லை. 2013ல் கம்பெனி புதிய பதிப்புகளை விற்பதையே நிறுத்தியது. இனி வாடகை மட்டும்தான் என்றது. முழுத் தொகுப்புக்கு மாதம் 49.99 டாலர். பணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். இது குத்தகை அல்லாமல் வேறென்ன? வருட ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவர்களிடம் மீதித் தொகையில் பாதியைக் கேட்கும் நிபந்தனையை மறைத்து வைத்ததாக, 2024ல் அமெரிக்க அரசாங்கமே அடோபி மீது வழக்குப் போட்டது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது.

குத்தகை உண்டென்றால் வெளியேற்றமும் உண்டு. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுலா நாட்டவரின் கணக்குகளை எல்லாம் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. பணம் கட்டியவர்களுக்கும் அதே கதிதான். சில வாரங்கள் கழித்து, அமெரிக்க அரசிடம் அனுமதி பெற்ற பிறகே அந்த முடிவு மாறியது. ஒரு நாட்டு ஓவியனின் தூரிகை இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் கையில்!

யாருக்கு லாபம்?

ஆகவே, அந்தப் பையனைத் திருடன் என்று தூற்றுவோருடன் நாம் சேர மாட்டோம். ஆனால் அவன் செய்வதை வீரம் என்றும் சொல்ல மாட்டோம்.

1998ல் மைக்ரோசாப்ட் அதிபர் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்கள் மென்பொருளையே திருடட்டும், அதற்கு அடிமையாகிவிடுவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுகொள்வோம் என்ற கருத்தைச் சொன்னார். விஷயம் அம்பலமாகிவிட்டதல்லவா! கள்ளப் பிரதியில் பழகியவனுக்கு வேறு கருவி தெரியாது. கடைக்காரரும் அதையே கேட்கிறார். கம்பெனிக்குச் செலவில்லாமல் ஆள் பழக்கித் தருகிறோம். இரவில் ஆண்டையின் வயலில் நாலு கதிர் அறுத்தால் வயல் நமதாகிவிடுமா?

ஆபத்தோ ஏழையின் தலையில். கள்ளப் பிரதி என்று தெரிந்தே உபயோகித்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காக அல்லாமல் உபயோகித்தவருக்கு மட்டும் கோர்ட்டு சிறையைத் தவிர்க்கலாம். பூட்டு உடைத்த பிரதியோடு வைரஸும் வந்து, செய்த வேலையெல்லாம் அழிவதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதுபவர் சம்பளக்காரர். அதன் உரிமை கம்பெனி கையில். ஆனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உழைத்து, நியாய விலைக்கு விற்கும் கருவியையும் களவாக எடுப்பது உழைப்பாளி உழைப்பாளியின் சோற்றில் கை வைப்பதாகும். அதற்கு நியாயமே கிடையாது.

வேறு வழி உண்டு

பிளெண்டர் என்ற சித்திரப்பட மென்பொருளை வைத்திருந்த கம்பெனி 2002ல் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரோசன்டால் ஊர் உலகத்தாரிடம் கை நீட்டினார். ஏழே வாரங்களில் 1 லட்சம் யூரோ சேர்ந்தது. மென்பொருள் விலைக்கு மீட்கப்பட்டுப் பொதுவுடைமை ஆயிற்று. அதைக் கொண்டு செய்த ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் 2025ல் ஆஸ்கார் பரிசு பெற்றது! பூட்டை உடைத்தவர்கள் இதைச் செய்யவில்லை. ஒன்று கூடியவர்கள் செய்தார்கள்.

படம் திருத்த கிம்ப், சித்திரம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் ஆகியவையும் ஊர்ப் பொதுக்குளம் போன்ற கட்டற்ற மென்பொருள்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. அச்சு வேலைக்கு வேண்டிய சில வசதிகளில் கிம்ப் பின்தங்கியே இருக்கிறது. பழக நாள் பிடிக்கும். கூலிக்கு வேலை செய்யும் பையன் அந்த நாட்களுக்கு எங்கே போவான்?

அங்கேதான் நம் கடமை இருக்கிறது. சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்போம். உரிமை பேசும் நம் சுவரொட்டியே கள்ளப் பிரதியில் தயாராகிறதென்றால், அது நமக்கும் தலைக்குனிவு. அடுத்த மாநாட்டுச் சுவரொட்டி பொதுக்கருவியில் உருவாகட்டும். முதல் அடியை நாமே எடுத்து வைப்போம்!