சாளரத்தருகே ஒரு சிறு செடி

நீரின்றி மடிந்த செடிகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். எமது அன்பினாலேயே மடிந்த செடியொன்றைச் சென்ற மாரியிலேதான் கண்டோம்.

உயர்கல்வியின் பொருட்டுப் பேராதனைக்குப் புறப்பட்ட எம் மகள், தன் மேசையருகே சாளரத்தில் வைத்து வளர்த்த சிறு சாடியொன்றை எம்மிடம் ஒப்படைத்துச் சென்றாள். இரணகள்ளி என்றும், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றும் வழங்கும் செடி அது. மடகஸ்கார்த் தீவைத் தாயகமாகக் கொண்டது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைப்பது. அவள் நினைவு வரும்போதெல்லாம் நாம் அதற்கு நீர் வார்த்தோம். காலையில் எம் இல்லாள் வார்த்ததை அறியாது மாலையில் நாமும் வார்த்தோம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எம் இல்லத்திலோ, ஐப்பசி பிறந்தால் காற்றே ஈரமாயிருக்கும். ஒரு திங்களுக்குள் தண்டின் அடி கறுத்து, செடி சரிந்து வீழ்ந்தது. தொலைபேசியில் "செடி சுகமா, அப்பா?" என்று மகள் கேட்டபோதெல்லாம் நாம் பேச்சை மாற்றினோம்.

அச்செடியின் இயல்பை அறியாததே எமது பிழை. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கும்பனியில் தாவரவியலாளராய் விளங்கிய பெஞ்சமின் ஹெய்ன் என்பார், இதன் இலை காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் சற்றே கைப்பதையும் கண்டு எழுதினார். அக்கடிதம் 1815 இல் இலண்டன் இலின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது.

அப்புளிப்பின் காரணத்தைப் பிற்கால அறிவியல் விளக்கிற்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொள்கின்றன. இச்செடியோ, வெயிலில் நீரை இழக்காதிருக்கும் பொருட்டு, இரவிலேயே அவற்றைத் திறக்கிறது. கொண்ட வாயுவை மலிக்கமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் வாயில்களை அடைத்துக்கொண்டு, சூரிய ஒளியால் உணவாக்குகிறது. இத்துணைச் சிக்கனமான செடிக்கு நாளும் இருமுறை நீர் எதற்கு?

இதனை வளர்க்க விழைவோர் அடியில் துளையுள்ள மண்சாடியைத் தேர்க. துளையின்மேல் ஓட்டுத்துண்டொன்றை வைத்து, மண்ணுடன் சம அளவு பருமணலைக் கலந்து நிரப்புக. கடற்கரை மணலில் உப்புண்டு. ஆற்று மணலே ஏற்றது. காலை வெயில் படும் சாளரம் நன்று. விரலை மண்ணுள் ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, ஈரமிருப்பின் நீர் வார்க்கற்க. கச்சான் வீசும் மாதங்களில் வாரம் ஒருமுறை வேண்டியிருக்கலாம். மாரியில் இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்தாலும் கேடில்லை. மேயும் விலங்குகளுக்கு இச்செடி நஞ்சாகும். ஆதலின், நம் நகர வீதிகளில் புள்ளிமான்களும் ஆடுகளும் திரிவதை மறந்து, வெட்டிய தண்டுகளை வெளியே எறிதல் தகாது.

தைமாத விடுமுறைக்கு மகள் வந்தாள். வெறுஞ்சாடியைக் காட்டி உண்மையை உரைத்தோம். அவள் ஒன்றும் பேசாது அலுமாரியைத் திறந்து, தன் பழைய தாவரவியல் கொப்பியை எடுத்தாள். போகுமுன் ஏடுகளிடையே அவள் வைத்திருந்த இலையொன்று வாடிச் சுருங்கியிருந்தது. ஆனால், அதன் ஓரத்து வெட்டுகளில் நான்கு குஞ்சுச் செடிகள் வெண்ணிற வேர்களுடன் நின்றன. எவரும் அதற்கு ஒரு துளி நீரும் வார்த்ததில்லை!

இரண்டைத் தன்னுடன் பேராதனைக்கு எடுத்துச் சென்றாள். இரண்டை எம்மிடம் விட்டாள். நீர் வார்க்கும் முன் மண்ணைத் தொட்டுப் பார்க்கவேண்டுமென எழுதிச் சாடியருகே ஒட்டியும் வைத்தாள். அவளை எண்ணும்போது இப்பொழுதும் எம் கை நீர்க்குவளையை நாடுகிறது. அவ்வெழுத்தைக் கண்டதும் குவளையை வைத்துவிட்டு, தொலைபேசியை எடுக்கிறோம்.