ஆயிரம் பேரைக் கேட்டார்களாம். அதில் நம்ம லயம் எங்கே?

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கருமாதிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து லயத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது, மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? போன வாரம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. ஒரு பொண்ணுதான் பேசிச்சு. ஆய்வு பண்றோம், பேரு வேணாம், பத்து நிமிஷம் போதும்னு சொல்லிச்சு. அரசாங்கம் நல்லா நடக்குதா, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு கேட்டுச்சு. பக்கத்துல மண்டோரு நின்னுக்கிட்டு இருந்தாரு. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி வச்சிட்டேன். மனசுல இருந்தது அது இல்ல தம்பி. நான் சொன்னது பேப்பர்ல வந்துருமா?”

வரும் அக்கா. பேர் வராது. ஆனால் “இந்தியர்களில் இத்தனை விழுக்காட்டினர் திருப்தி” என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் அக்காவும் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருப்பார். மண்டோருக்குப் பயந்து சொன்ன பதிலும், மனசிலிருந்து வந்த பதிலும் அச்சில் ஒரே மாதிரிதான் தெரியும். தேர்தல் வாடை வீசத் தொடங்கினாலே இந்தக் கணக்குகளும் கிளம்பிவிடுகின்றன என்பதால், இந்த வாரம் இதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

இரண்டு கோடிப் பேர் ஓட்டுப் போடுகிற நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டு எப்படிச் சொல்ல முடியும் என்று பல பேர் கேட்கிறார்கள். பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்டோரில் கிராணி என்ன செய்வார்? வாளிப் பால் முழுவதையும் காய்ச்சியா பார்ப்பார்? கலக்கிவிட்டு, கொஞ்சம் எடுத்து, மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாளி பெரிதா சின்னதா என்பது முக்கியமில்லை. நன்றாகக் கலக்கினாரா என்பதுதான் முக்கியம். கலக்காமல் மேலாப்பில் எடுத்தால் கணக்குத் தப்பும். சம்பளத்தில் அடி விழும். கருத்துக் கணிப்பின் இரகசியமும் இந்தக் கலக்கலில்தான் இருக்கிறது. கிராமம், பட்டணம், மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஆண், பெண், கிழவர், இளசு என்று நாடு எப்படி இருக்கிறதோ அதே அளவில் அந்த ஆயிரம் பேரும் இருக்க வேண்டும். இருந்தால், உண்மை நிலவரம் கணிப்பிலிருந்து மேலே மூன்று புள்ளி, கீழே மூன்று புள்ளிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கலக்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1936இல் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பெரிய பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. தேர்தல் நாளில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனார். ஜோர்ஜ் கேலப் என்பவரோ அதைவிட எவ்வளவோ குறைந்த பேரைக் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் வருவார் என்று சரியாகச் சொன்னார். பத்திரிகை எங்கே தவறியது? முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் கார் பதிவிலிருந்தும் எடுத்தது. பஞ்ச காலம் அது. போனும் காரும் வைத்திருந்தவன் யார்? பசையுள்ளவன்தான். வேலையில்லாமல் தெருவில் நின்றவனுக்கு அட்டை போகவில்லை. அட்டை கிடைத்தவர்களிலும் அக்கறையாகத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு மாதிரி ஆட்கள். லட்சக்கணக்கில் கேட்டும் ஏழையைக் கேட்காமல் விட்டதால் வந்த வினை அது. அந்தப் பத்திரிகை அப்புறம் அதிக நாள் நிற்கவும் இல்லை.

இதை நம்ம லயத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள். நம் நாட்டில் மெர்டேக்கா சென்டர் போன்ற அமைப்புகள் பெரும்பாலும் தொலைபேசியில் ஆயிரம் பேரைக் கேட்கின்றன. இனவாரியாகப் பிரித்தால் அதில் இந்தியர்கள் எழுபது, எண்பது பேர்தான் வருவார்கள். நம் ஜனத்தொகைக் கணக்குப்படி அது நியாயமான பங்கு. குறை சொல்ல முடியாது. ஆனால் எழுபத்தைந்து பேரை மட்டும் தனியாக எடுத்துப் பேசும்போது, அந்த மூன்று புள்ளித் தவறு பதினோரு புள்ளியாக வீங்கிவிடுகிறது. “இந்தியர்களில் 60 விழுக்காடு ஆதரவு” என்று தலைப்புப் போட்டால், உண்மை 49 ஆகவும் இருக்கலாம், 71 ஆகவும் இருக்கலாம். ஒன்று தோல்வி, மற்றது அமோக வெற்றி! இதை வைத்துக்கொண்டு “இந்தியர்கள் எங்கள் பக்கம்” என்று இரண்டு பக்கத்துத் தலைவர்களும் மேடையில் மார்தட்டுகிறார்கள். அந்த எழுபத்தைந்து பேரில் தோட்டத்தில் இருப்பவர் எத்தனை பேர்? நாலு பேரா, ஐந்து பேரா? அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. சொன்னாலும் அந்த நாலு பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் கணிப்பு எல்லாம் வீண் வேலையா? அப்படிச் சொல்லி ஒதுக்கவும் முடியவில்லை. 2007ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, நம் முன்னோர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனதற்கு நஷ்ட ஈடு கேட்டு, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேல் லண்டன் நீதிமன்றத்தில் இண்ட்ராஃப் வழக்குப் போட்டது. நவம்பர் 25ஆம் தேதி, மகாராணிக்கு மனுக் கொடுக்கிறோம் என்று கோலாலம்பூர் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி நம் ஜனம் திரண்டது. பத்தாயிரம் பேர் என்றார்கள், முப்பதாயிரம் என்றார்கள். கண்ணீர்ப் புகையும் இரசாயனத் தண்ணீரும் பட்டவர்களுக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை. டிசம்பர் 13ஆம் தேதி ஐந்து தலைவர்களை இசா சட்டத்தில் பிடித்துக் கமுந்திங்கில் அடைத்தார்கள்.

அந்த நேரத்தில் “ரோட்டுக்கு வந்தது கொஞ்சப் பேர், மற்ற இந்தியர்கள் அரசாங்கத்தோடுதான் இருக்கிறார்கள்” என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். கணிப்பு வேறு மாதிரி சொன்னது. 2004 நவம்பரில் பிரதமர் அப்துல்லா படாவிக்கு 91 விழுக்காட்டு ஆதரவு இருந்ததாக மெர்டேக்கா சென்டர் காட்டியது. பேரணிக்குப் பிறகு எடுத்த கணக்கில் அது 61க்கு இறங்கிவிட்டது. அதிகமாகச் சரிந்தது இந்தியர்களிடம்தான். எழுபது எண்பது பேர் கணக்குத்தான் என்றாலும், சரிவு பெரிதாக இருந்ததால் தவறு போக மிச்சமும் பெரிதாகவே இருந்தது. பேரணிக்கு வராமல் வீட்டில் இருந்தவர்களும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. அரசாங்கமும் நாடி பிடித்துப் பார்க்காமல் இல்லை. 2008 ஜனவரியில், கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறை அறிவிப்பு வந்தது! எத்தனை வருஷமாகக் கேட்டது, இரண்டே மாதத்தில் கிடைத்தது.

அப்புறம் 2008 மார்ச் 8. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்து 140 இடத்தில் நின்றது. ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளிடம் போயின. 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலு, மூன்றாவது தடவையாக எதிர்த்து நின்ற மருத்துவர் ஜெயகுமாரிடம் 1,821 ஓட்டில் தோற்றார். ம.இ.கா.வுக்கு ஒன்பது இடம் மூன்றானது. கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை உள்ளே இருந்துகொண்டே ஜெயித்தார். இவ்வளவும் நடக்கும் என்று முன்கூட்டி எதிர்பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். கோபம் இருக்கிறது என்பதைக் கணிப்பு காட்டியது. அந்தக் கோபம் எத்தனை நாற்காலியைத் தூக்கும் என்பது அதில் தெரியவில்லை.

போராட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது இன்னொரு சூட்சுமமும் உண்டு. “பேரணியை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டால் நம்ம பெரியவர்கள் பாதிப் பேர் “வேணாம்பா, ரோட்டுல எதுக்கு அடி வாங்கணும்” என்பார்கள். “கோரிக்கை நியாயமா?” என்று கேட்டால் அதே பெரியவர் “நியாயம்தான்” என்பார். இரண்டில் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத் தலைப்பே மாறிவிடும். அமெரிக்காவில் 1963 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் வாஷிங்டனில் நடத்தவிருந்த பேரணியைப் பற்றி கேலப் நிறுவனம் கேட்டது. கேள்விப்பட்டிருந்தவர்களில் 23 விழுக்காடுதான் நல்லது என்றார்கள். 60 விழுக்காடு வேண்டாம் என்றார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்த மேடையில்தான் பேசினார். மறு வருஷம் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1966இல் கூட கிங்கைப் பிடிக்காது என்றவர்கள் 63 விழுக்காடு. அதே கேலப் 2011இல் கேட்டபோது 94 விழுக்காடு அவரை நல்லவர் என்றது. ஆள் இறந்து நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு! போராட்டம் சரியா தப்பா என்பதற்கு அன்றைய கணிப்பைச் சாட்சிக்கு இழுப்பவர்களிடம் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

ஓட்டு வேறு, நாற்காலி வேறு என்பதையும் மறக்கக்கூடாது. 2013இல் எதிரணிக்கு விழுந்த ஓட்டு சுமார் 51 விழுக்காடு. கிடைத்தது 89 இடம். தேசிய முன்னணிக்கு 47 விழுக்காடு. கிடைத்தது 133 இடம். ஏன்? அந்தத் தேர்தலில் புத்ராஜெயாவில் 16,000 பேருக்கு ஓர் எம்.பி. தோட்டத்தை விட்டு வந்த நம் ஜனம் நிறைய இருக்கும் காப்பாரில் 144,000 பேருக்கும் ஓர் எம்.பி.தான். அங்கே ஒருவர் போடும் ஓட்டுக்கு இங்கே ஒன்பது பேர் போட வேண்டும். விழுக்காட்டுக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், இந்த வேலி எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஆட்சியைச் சொல்ல முடியாது.

2018 மே மாதம் ஓட்டுக்கு முந்தின நாள், தேசிய முன்னணிக்கு 100, பக்காத்தானுக்கு 83, பாஸ் கட்சிக்கு 2, இழுபறி 37 என்று மெர்டேக்கா சென்டர் கணித்தது. விடிந்தபோது தேசிய முன்னணிக்கு 79. பாஸ் கட்சிக்கோ 18! பாஸுக்கு ஓர் இடமும் கிடையாது என்று வேறொரு குழு சொல்லியிருந்தது. கணிப்பவர்கள் மடையர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மலாய்க் கிராமங்களில் பல பேர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. “இன்னும் முடிவு செய்யல” என்பது பல நேரம் முடிவு செய்யாத பேச்சு அல்ல, சொல்ல மாட்டேன் என்ற பேச்சு. 2022இல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் தானாகப் பதிவாகி, வாக்காளர் தொகை 149 லட்சத்திலிருந்து 211 லட்சமாக ஏறியது. முதல் தடவை ஓட்டுப் போடுகிறவன் வருவானா மாட்டானா என்று எந்தப் பழைய கணக்கை வைத்துச் சொல்வது? பெரிக்காத்தான் எழுபது இடத்தைத் தாண்டியபோது நிறையப் பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாட்ஸாப்பில் வருகிறதே, “இவரா அவரா, அமுக்குங்கள்” என்று, அதைக் கணிப்பில் சேர்க்கவே வேண்டாம். அது கலக்காத பால். அமுக்க ஆசைப்பட்டவன் மட்டும் அமுக்குகிறான். சில பேர் நாலு போனில் நாலு தடவை அமுக்குகிறார்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கருமாதி வீட்டில் எவ்வளவு பேசுவது? ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார்: “நான் உண்மையச் சொல்லியிருந்தா ஆபத்து வருமா தம்பி?” பொறுப்பான ஆய்வு நிறுவனம் பேரை வெளியே விடுவதில்லை. ஆனால் பேசுவது அந்த நிறுவனம்தானா என்று போனில் எப்படித் தெரியும்? அதனால் எங்கிருந்து பேசுகிறீர்கள், யாருக்காக எடுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள் என்றேன். அடையாளக் கார்டு நம்பர் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். வேலை நேரத்தில் வந்தால், சாயங்காலம் கூப்பிடச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டாம், அதுவும் உங்கள் உரிமை. ஆனால் மண்டோருக்காக ஒரு பதில் மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்துத்தான் “தோட்டத்துல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க” என்று மேலே யாரோ எழுதி வைப்பார்கள்.

“அப்ப ஓட்டுப் பெட்டியில?” என்றார்.

அக்காவுக்கு ஓட்டு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். வாக்குகளை அங்கேயே சாலுரான் சாலுரானாக எண்ணுகிறார்கள்; முதல் சாலுரானில் வயதானவர்கள், கடைசியில் இளசுகள். எந்தச் சாலுரான் எந்தப் பக்கம் போனது என்று கட்சிக்காரர்கள் ராத்திரிக்குள் குறித்துக்கொள்கிறார்கள். யார் போட்டது என்பது அதில் இல்லை. கேமரன் மலையில் 2013இல் பழனிவேலு ஜெயித்தது 462 ஓட்டில், 2018இல் சிவராஜ் ஜெயித்தது 597 ஓட்டில் என்றும் சொன்னேன். ஆயிரம் பேரைக் கேட்டாலும் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் அந்த வித்தியாசம் எந்தக் கணிப்பிலும் அகப்படாது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க லயம் மூணும் சேர்ந்தா நூத்துப் பத்து ஓட்டு இருக்கும் தம்பி,” என்றார். பிறகு எழுந்து, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.